ஒரு நாழிகை மௌனம்

தமிழகத்தை விட்டு வெளிமாநிலங்களில் குடியேறி முப்பது, நாற்பது ஆண்டுகள் கடந்தவர்கள் ஒன்றை நன்கு அறிவர். அந்நாளில் பகற்பொழுதில் எவ்வளவு முயன்றாலும் வானொலிப் பெட்டியில் திருச்சி நிலையமோ சென்னை நிலையமோ கிடைப்பதில்லை. வெறும் இரைச்சல்தான் கேட்கும். இரவு உணவு முடிந்து தெரு அடங்கிய பிறகு, அதே முள்ளை அதே இடத்தில் கொண்டு நிறுத்தினால், ஏறியும் இறங்கியும் ஒரு தமிழ்க் குரல் வரும். சிறிது நேரம் தெளிவாக இருக்கும், பின் மங்கும், மறுபடியும் வரும். ஊரை நினைத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் அருகில் காதை வைத்து அமர்ந்திருந்தவர் பலர்.

இரவு நேரத்தில் நிலையத்தார் வலிமையைக் கூட்டி ஒலிபரப்பினார்கள் என்று சிலர் எண்ணியதுண்டு. அப்படியன்று. நண்பகலிலும் அந்த அலைகள் புறப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. நிலத்திற்கு மேலே ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், கதிரவன் ஒளி படும் வரையில், மின் துகள்கள் நிறைந்த ஓர் அடுக்கு நிலவுகிறது. மத்திய அலைகளை அவ்வடுக்கு உறிஞ்சிவிடுகிறது. கதிரவன் மறைந்ததும் அது கலைந்து போகிறது. பிறகு அலைகள் தடையின்றி மேலே சென்று, இன்னும் உயரத்தில் உள்ள வேறோர் அடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைவான ஊர்களில் இறங்குகின்றன. ஆகவே இரவில் புதிதாகச் சேர்ந்தது ஒன்றுமில்லை, பகலில் இருந்த ஒன்று விலகியது, அவ்வளவே.

இறைவனுடைய குரலைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இதனை எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "எத்தனையோ ஆண்டுகளாக வழிபடுகிறோம், ஒன்றும் கேட்கவில்லையே" என்று வருந்துவோர் நம்மிடையே இருக்கின்றனர். குரல் கேட்பதெல்லாம் ஞானியருக்கு மட்டுமே உரியது, குடும்பமும் அலுவலும் உள்ளவர்களுக்கு அன்று என்று விட்டுவிடுவோர் இன்னும் மிகுதி. ஆனால் சமயம் எதுவாயினும், அந்நெறியில் ஆழ்ந்து நின்றவர்கள் சொல்லுவது ஒன்றாகவே இருக்கிறது: அங்கிருந்து ஒலிபரப்பு நின்றதே இல்லை, இடையில் நின்று உறிஞ்சுவது நம் பகல். அந்தப் பகலை ஒரு நாழிகை நேரமாவது விலக்கி வைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய பொருள்.

ஊரில் இருந்தபோது இதற்கென்று நாம் முயல வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் கோயில் மணி கேட்கும். ஆற்றுக்கோ குளத்துக்கோ நடந்து போகும்போது, யாரோடும் பேசாத கால்மணி நேரம் தானாகவே வாய்த்துவிடும். மாலையில் திண்ணையில் ஒருவர் சும்மா அமர்ந்திருந்தால், "என்ன செய்கிறாய்?" என்று கேட்பவர் இல்லை. மார்கழி வந்தால் ஊரே முன்னதாக எழுந்துவிடும். பள்ளிவாசலின் அழைப்பும் தேவாலய மணியும் அந்தந்தத் தெருவின் நேரத்தைப் பகுத்துக் கொடுத்தன. அமைதி அங்கே ஊராரின் பொதுச் சொத்தாக இருந்தது. அதை யாரும் தேடிப் போகவில்லை என்பதால், அது இருந்தது என்பதுகூட நமக்குத் தெரியவில்லை.

மும்பையில் ஓர் அறையும் சமையற்கட்டுமாக அமைந்த வீட்டில், அல்லது தில்லியின் அடுக்குக் குடியிருப்பில், அந்தப் பொதுச் சொத்து இல்லை. சுவருக்கு அப்பால் ஒரு தொலைக்காட்சி, சுவருக்கு இப்பால் ஒரு தொலைக்காட்சி. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலுமே ஒலியின் எல்லை என்று 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு விதி வகுத்தது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது என்பதையும் சேர்த்து எண்ணினால், இரவுக்கும் பகலுக்கும் அவ்விதி வைத்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். விதி நன்றுதான். அதைப் படித்துவிட்டுச் சன்னலைத் திறந்தால் நமக்கு வருவது சிரிப்பு.

ஆயினும் வெளியிலுள்ள ஓசையின்மேல் எல்லாப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. ஓசை இல்லாத இடத்திலும் நாம் ஓசையை உடன் கொண்டு போகிறோம். கைபேசி சட்டைப்பையில் இருக்கிறது. ஊரிலிருந்து உறவினர் அனுப்பும் செய்தியும், அலுவலகத்திலிருந்து மேலதிகாரி அனுப்பும் செய்தியும், எவர் எழுதியது என்றே தெரியாத அறிவுரைகளும் ஒரே பெட்டியில் வந்து விழுகின்றன. அயலூரில் வாழ்பவனுக்கு அந்தக் கருவி வெறும் பொழுதுபோக்கன்று. தாயின் குரல் அதன் வழியாகத்தான் வருகிறது. ஆகவே "தூக்கி எறிக" என்று எளிதாகச் சொல்லிவிட நம்மால் இயலாது. ஒரு நாழிகை அதை அடுத்த அறையில் வைக்கலாம். அடுத்த அறை இல்லையேல் அரிசிப் பானையின் மேல் வைக்கலாம்.

இடமும் வசதியும் வாய்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவோர் பூசலாரின் வரலாற்றை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம். திருநின்றவூர் சென்னைக்கு மேற்கே, அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து மும்பைக்குத் திரும்பும் நம்மவர் ஆண்டுதோறும் அவ்வூரைக் கடந்துதான் செல்கின்றனர். விரைவு வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. பெயர்ப்பலகை சன்னலருகே ஓடி மறைந்துவிடுகிறது. அவ்வூரில் வாழ்ந்த பூசலார், சிவபெருமானுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெளிந்தபின், மனத்துக்குள்ளேயே கட்டத் தொடங்கினார் என்று சேக்கிழார் பெரிய புராணத்தில் கூறுகிறார்.

அதே காலத்தில் காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும் பொருள் செலவிட்டுக் கற்கோயில் எடுத்தான். கி.பி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலே அது என்று அறிஞர் கருதுவர். அவன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் பூசலார் தம் உள்ளத்துக் கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாக அமைந்தன. இறைவன் மன்னனின் கனவில் தோன்றி, "அன்று நாம் நின்றவூர் அன்பனின் கோயிலுக்குச் செல்கிறோம், உன் நாளை மாற்றிக்கொள்" என்று அறிவித்ததாகக் கதை. மன்னன் நின்றவூருக்கு வந்து, "பூசலார் கட்டிய கோயில் எங்கே?" என்று கேட்கிறான். ஊராருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கோயில் இங்கு இல்லை என்கின்றனர்.

இக்கதையைச் சொல்பவர்கள், பொருளைவிட அன்பே பெரிது என்று முடித்துவிடுவது வழக்கம். அது சரிதான். எனினும் நம் கருத்து வேறோரிடத்தில் நிலைக்கிறது. பூசலார் ஒரு நாள் கண்ணை மூடிக் கோயிலை நினைத்துவிட்டு எழுந்துவிடவில்லை. மனத்துக்குள் கல் தேடினார்; தச்சரைத் தேடினார்; நல்ல வேளை பார்த்து அடிநிலை இட்டார்; வரிசை வரிசையாக மேலே எழுப்பினார்; சுதை பூசினார்; கிணறும் குளமும் மதிலும் அமைத்தார். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய காலத்தைக் கொடுத்தார். நேற்று விட்ட இடத்தை நினைவில் வைத்திருந்து இன்று அங்கிருந்தே தொடங்குபவனால் மட்டுமே இதைச் செய்ய முடியும். உள்ளத்து அமைதி என்பது ஒரு மனநிலை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். பூசலாரைப் பார்த்தால் அது நாள்தோறும் செய்யும் கட்டட வேலையாகத் தெரிகிறது. ஊரார் ஒருவருக்கும் தெரியாமல் ஓர் அயலூர்க் குடியிருப்பில் அதைச் செய்ய எவ்வித இடையூறும் இல்லை. திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்ற பெயரிலேயே கோயில் இருக்கிறது.

பணி மிகுந்தவர்களுக்கு இது இயலுமா என்று கேட்கலாம். இந்த நாட்டில் காந்தியடிகளைவிடப் பணி மிகுந்தவரைக் காட்டுவது கடினம். அவர் பல ஆண்டுகள் திங்கட்கிழமைதோறும் பேசாநோன்பு இருந்தார். அதனை அவர் தொடங்கிய காரணம் பலருக்கு வியப்பளிக்கும். தெய்விக நாட்டம் கருதி அவர் அதைத் தொடங்கவில்லை. ஓயாமல் வந்து பேசுவோர் கூட்டத்திலிருந்து சிறிது ஓய்வு வேண்டும், எழுத்து வேலை முடிய வேண்டும் என்பதற்காகவே தொடங்கியதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். ஆன்ம நலன் பின்னால் வந்து சேர்ந்தது. நல்ல நோக்கம் முற்றும் கனிந்த பிறகே தொடங்க வேண்டும் என்று காத்திருப்போருக்கு இது ஆறுதல் தர வேண்டும். களைப்பினால் தொடங்கினாலும் போதும்.

அந்த நோன்பை அவர் எவ்வளவு உறுதியாகக் காத்தார் என்பதற்கு 1947 சூன் 2ஆம் நாளே சான்று. அன்று திங்கட்கிழமை. நாட்டைப் பிரிக்கும் திட்டத்தைத் தலைவர்களிடம் எடுத்துரைத்த மவுண்ட்பேட்டன் பிரபு, காந்தியடிகளையும் அன்று சந்தித்தார். காந்தியடிகள் எதிர்ப்புச் சொல்லிவிடுவாரோ என்று அஞ்சிக்கொண்டிருந்த வைசிராய்க்கு முன்னால் அவர் வாய் திறக்கவில்லை. பழைய அஞ்சல் உறைகளின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக் காட்டினார். வாழ்நாள் முழுவதும் எந்த ஒற்றுமைக்காக உழைத்தாரோ அது உடையும் நாளில் அவர் பேசியிருக்க வேண்டும் என்று கருதுவோர் உண்டு. அவ்வாதத்தில் நாம் இறங்கவில்லை. ஒன்றை மட்டும் குறிக்கிறோம்: இன்றைக்கு வேலை அதிகம், நாளை பார்ப்போம் என்று சொல்வதற்கு அவரிடம் அன்று இருந்ததைப் போன்ற காரணம் நம்மில் எவரிடத்தும் இல்லை.

வாரத்தில் ஒரு நாள் நமக்கு முடியாது. நாள் ஒன்றுக்கு அறுபது நாழிகை என்பது நம் முன்னோர் கணக்கு. நாழிகை ஒன்று 24 நிமிடம். அறுபதில் ஒன்றைக் கேட்கிறோம். எந்த நாழிகை என்பதை அவரவர் வாழ்க்கையே முடிவு செய்ய வேண்டும். வைகறையையே பெரும்பாலான சமயங்கள் போற்றியிருக்கின்றன. பஞ்சாபில் வாழும் நம்மவர், விடியலுக்கு முந்திய பொழுதைச் சீக்கியர்கள் அமுத வேளை என்று அழைப்பதைக் கேட்டிருப்பர். இசுலாமியருக்கு ஐவேளைத் தொழுகை கடமை. அதற்கு மேலும், உறக்கத்தினிடையே எழுந்து தொழும் தஹஜ்ஜத் உண்டு. கப்பர்நகூமில் பொழுது சாய்ந்த பின்னும் நோயாளிகளின் கூட்டத்திடையே நின்ற இயேசு பெருமான், மறுநாள் இருட்டோடு எழுந்து தனியிடம் சென்று வேண்டிக்கொண்டிருந்தார் என்று மாற்கு எழுதிய நற்செய்தி கூறுகிறது. சீடர்கள் தேடி வந்து, எல்லோரும் உம்மைத் தேடுகின்றனர் என்று சொல்லும் வரையில்தான் அத்தனிமை நீடித்தது. நாம் எண்ணுவதுபோல் அவருக்கும் அது நெடுநேரம் கிடைத்துவிடவில்லை. புணேக்கு அருகே தேகு என்னும் ஊரில் கடை வைத்து வாணிகம் செய்த துக்காராம், ஊரை அடுத்த பண்டாரா குன்றுக்குச் சென்று அமர்வார். அங்கு வாழும் தமிழர் ஒரு ஞாயிறன்று போய் அக்குன்றைக் காணலாம்.

வைகறை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இரவுப் பணி பார்க்கும் செவிலியருக்கும் காவலருக்கும் வைகறை என்பது வீடு திரும்பும் நேரம். அவர்களுக்குப் பிற்பகல் உறங்கி எழுந்த வேளையே வைகறை. விராரில் ஏறி சர்ச்கேட்டில் இறங்குபவருக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் பயணம். ஒரு நாளில் மூன்று மணி நேரம் வண்டியில் போகிறது. மும்பைப் புறநகர் வண்டிகளில் சிலர் கூடித் தாளம் தட்டிப் பசனை பாடுவதை நாம் கண்டிருக்கிறோம். இடமே இல்லாத இடத்தில் வழிபாட்டுக்கு இடம் கண்டவர்கள் அவர்கள். அவர்களுக்கு நடுவே, கம்பியைப் பிடித்து நின்றபடி கண்ணை மூடிக்கொண்டிருப்பவரும் உண்டு. செவியில் பாட்டுக் குழல் மாட்டியவர் எத்தனை பேர், மாட்டாமலே மௌனமாய் இருப்பவர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்க நமக்கு ஆவல்தான். ஆனால் கண்ணை மூடினால் கணக்கெடுக்க முடியாது.

அந்த நாழிகையில் என்ன செய்வது? இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். நாம் அறிந்த வழிபாடு பெரும்பாலும் பேசுவது. பாடுகிறோம், ஓதுகிறோம், வேண்டுகிறோம். மகனுக்கு வேலை, மகளுக்குத் திருமணம், ஊரில் உள்ள தந்தைக்கு உடல் நலம் என்று சொல்லி முடித்ததும் எழுந்துவிடுகிறோம். அரசு அலுவலகத்தில் மனுவை நீட்டிவிட்டு, பதில் வருமுன் வரிசையை விட்டு ஓடிவிடுபவரைப் போன்றது இது. வேண்டுதல் தவறு என்று நாம் சொல்லவில்லை. அது முடிந்த பிறகும் சிறிது நேரம் அங்கேயே நிற்க வேண்டும் என்கிறோம்.

தில்லியில் இராமகிருட்டிணபுரத்துச் சிறு குன்றின் மேல் நம்மவர் எழுப்பிய சுவாமிநாதன் கோயிலை அங்குள்ளோர் மலை மந்திர் என்பர். 1973 சூன் 7ஆம் நாள் அதற்குக் குடமுழுக்கு நடந்தது. அத்திருப்பெயருக்குக் காரணமான சுவாமிமலைக் கதை எல்லோருக்கும் தெரியும்: பிரணவத்தின் பொருளை மகன் சொல்ல, தந்தையாகிய சிவபெருமான் கேட்டார். கேட்ட விதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். கையால் வாய் புதைத்து, மாணவன்போல் நின்று கேட்டார் என்பது மரபு. எல்லாம் அறிந்தவரே கேட்க நின்றபோது செய்த முதற் செயல் வாயை மூடியது. படியேறிச் செல்லும் நமக்கு அந்தக் காட்சி, மேலே சென்று சொல்லப் போகும் எல்லா வேண்டுதல்களையும்விடப் பயன் தருவதாக இருக்கும்.

முதல் சில நாள்களில் அமைதி வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வருவது பட்டியல். கட்டாத மின்கட்டணம், திருப்பிச் சொல்ல மறந்த பதில், நேற்று ஒருவர் பேசிய சுடுசொல், அதற்கு நாம் பேசியிருக்க வேண்டிய இன்னும் சுடுசொல். இவையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இது தோல்வியன்று. கலங்கிய குடத்து நீரை ஒரு மூலையில் வைத்தால், முதலில் கலங்கல்தான் கண்ணுக்குத் தெரியும். அவற்றோடு சண்டையிட வேண்டா. ஒரு திருநாமத்தையோ மூச்சையோ பற்றிக்கொண்டு, விலகியதும் திரும்பி வருவதே வேலை. 24 நிமிடத்தில் நூறு முறை விலகினால் நூறு முறை திரும்பியிருக்கிறோம் என்று பொருள். பத்து நாள் கடந்தால், விலகல்களுக்கு இடையே சிறு வெளி தெரியும். சிலருக்கு ஒரு திங்கள் ஆகலாம்.

இனி, சொல்வதற்குச் சிறிது தயக்கமான செய்தி. ஓரறை வீட்டில் குடும்பத் தலைவர் காலையில் கண் மூடி அமர்ந்திருக்கிறார் என்றால், அந்த அமைதி எங்கிருந்து வந்தது? குழந்தையை வெளியே தூக்கிப் போனவர் யார்? குக்கரின் விசில் அடங்கும் வரையில் அடுப்பைத் தணித்து வைத்தவர் யார்? பாலைக் காய்ச்சி, பிள்ளையின் சீருடையை ஓசையின்றி எடுத்து வைத்து, "அப்பா சாமி கும்பிடுகிறார், பேசாதே" என்று வாயில் விரல் வைத்தவர் யார்? ஒருவருடைய மௌனத்தை இன்னொருவர் தம் உழைப்பால் விலை கொடுத்து வாங்கித் தருகிறார். கொடுத்தவருக்கு அந்த நாளில் ஒரு நாழிகையும் கிடைப்பதில்லை. பல வீடுகளில் அவரும் அலுவலகம் போய் வருபவர். ஆன்மிகம் பேசும் கட்டுரைகள் இதைப் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடுகின்றன.

பண்டரிபுரத்தில் நாமதேவர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர் சனாபாய். மகாராட்டிரத்து அடியார்களுள் அவருக்குத் தனியிடம் உண்டு. அவருக்கு மலையுமில்லை, குகையுமில்லை. எந்திரக் கல்லும் தண்ணீர்க் குடமும் சாணக் கூடையுமே இருந்தன. மாவரைத்துக்கொண்டே பாடினார். அவர் களைத்தபோது விட்டலனே வந்து எந்திரத்தின் பிடியைப் பிடித்து உடன் அரைத்தான் என்று அந்நாட்டு மக்கள் இன்றும் கூறுவர். வேலையிலேயே இறைவனைக் காணலாம் என்பதற்கு இக்கதையைச் சான்று காட்டி, வேலையை அவரிடமே விட்டுவிடுவது ஆண்களுக்கு எளிது. கதை சொல்லுவது வேறு. இறைவன் அங்கே வந்து அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. அவள் வேலையில் பாதியைத் தான் எடுத்துக்கொண்டான்.

ஆகவே நம் வீடுகளில் இந்த நாழிகையை இரண்டாகவே தொடங்க வேண்டும். ஒருவர் அமர்ந்திருக்கும்போது மற்றவர் அடுப்பையும் குழந்தையையும் கதவையும் பார்த்துக்கொள்வது. பிறகு இடம் மாறுவது. மாமியாரோ வளர்ந்த பிள்ளையோ இருந்தால் முறை இன்னும் எளிதாகும். தாமாக முன்வந்து, "நீ போய் அமர், சோற்றை நான் வடிக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும் வீட்டில், அவர் அன்று கண் மூடாவிட்டாலும் குறையில்லை.

அமர்ந்தபின் ஏதோ தோன்றுகிறது. அது இறைவன் குரலா, நம் ஆசையின் குரலா என்று எப்படித் தெரியும்? இக்கேள்வி சிறிதன்று. 1933இல் எரவாடாச் சிறையில் இருந்த காந்தியடிகள், மே 8ஆம் நாள் தொடங்கி 21 நாள் உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். இரவில் தமக்குள் ஒரு குரல் தெளிவாகக் கேட்டது என்றார். நண்பர்கள் நடுங்கினர், பலர் தடுத்தனர். அது வெறும் மயக்கமாக இருக்கலாகாதா என்று வெளிப்படையாகவே கேட்டனர். அவர் சினங்கொள்ளவில்லை. மெய்ப்பிக்கத் தம்மிடம் சான்று ஏதுமில்லை என்று ஒப்புக்கொண்டார். தமக்கு ஐயமில்லை என்று மட்டும் கூறினார். அதோடு, நெடுங்காலக் கட்டுப்பாடும் நோன்பும் இல்லாதவர்கள் உட்குரலின் பெயரால் பேச உரிமையற்றவர்கள் என்றும் அவர் எழுதினார். குரல் கேட்டது என்று எளிதில் கூறிக்கொள்வோரைக் காணும்போது இதனை நினைவு கூர்தல் நன்று.

நமக்குக் கேட்பவை இவ்வளவு பெரியவையாக இருப்பதில்லை. அதுவே நமக்குப் பாதுகாப்பு. கேட்பது நம்மைப் புகழ்வதாகவோ, பிறர்மேல் சுமையேற்றுவதாகவோ, நாம் முன்னரே செய்ய விரும்பியதற்கு ஒப்புதல் தருவதாகவோ இருந்தால் ஐயுறலாம். நாம் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை நினைவூட்டுவதாக இருந்தால் சற்றுச் செவி கொடுக்கலாம். அறிவும் வயதும் உடைய ஒருவரிடம் சொல்லிப் பார்ப்பதும் நல்லது. மெய்யான குரல் மறுநாள் வரை காத்திருக்கும். விவிலியத்தில் எலியா ஓரேபு மலையில் நின்றபோது பெருங்காற்றும் நில நடுக்கமும் நெருப்பும் வந்தன. அவற்றில் இறைவன் இல்லை. பிறகு மிக மெல்லிய ஓர் ஒலி வந்தது. அதைக் கேட்டு முகத்தை மூடிக்கொண்டவருக்குக் கிடைத்த கட்டளை, வந்த வழியே திரும்பிப் போ என்பதும், அங்கே இன்னின்னாரிடம் இன்னின்னது செய் என்பதும்தான்.

அயலூரில் வாழும் நமக்கு அந்த இன்னின்னார் பெரும்பாலும் ஊரில் இருக்கின்றனர். நிலப் பங்கீட்டில் பேச்சு நின்றுபோன தம்பி; பேரனின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நாம் குரல் கொடுக்க மறந்த பெரியம்மா; முதன்முதலில் தொடர்வண்டிக் கட்டணத்துக்குப் பணம் கொடுத்து அனுப்பிய, இன்று தளர்ந்துபோன ஆசிரியர். சிலருக்கு அது இதே நகரத்தில், தாம் நடத்தும் கடையில், ஊரிலிருந்து வந்து கூலி உயர்வு கேட்கத் தெரியாமல் வேலை செய்யும் பையனாக இருக்கலாம். மௌனத்தில் எழும் இப்பெயரைப் பட்டியலில் வந்த மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளிவிடாமல் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். நாழிகை முடிந்ததும் அரிசிப் பானையின் மேல் வைத்த கைபேசியை எடுத்து, வந்து குவிந்த செய்திகளைப் பார்க்கும் முன், முதலில் அந்த எண்ணை அழைக்கலாம்.